அழைப்பை எடுத்தது எந்தச் செயலி?

ஓசூர் சிப்காட்டில் ஜிக், ஃபிக்ஸ்சர், பிரஸ் டூல் செய்துகொடுக்கும் சின்ன டூல் ரூம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் அறையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். பெங்களூரு வாடிக்கையாளர் மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் அழைப்பார். புனேக்காரருக்கு ஸூம். சென்னையில் இருப்பவர் ஸோஹோ க்ளிக்கில் எழுதுவார். லாரி டிரைவரும் ஹீட் ட்ரீட்மென்ட் செய்பவரும் வாட்ஸ்அப்பில்தான் கிடைப்பார்கள். இத்தனையும் அந்த ஒரு கம்ப்யூட்டரில்.

இப்படிப்பட்ட மேசையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லைகள் பழக்கம். ஒரே அழைப்புக்கு இரண்டு இடத்தில் மணி அடிக்கும். எடுத்துப் பேசினால், "சார், உங்க வாய்ஸ் வரல" என்பார்கள் மறுமுனையில். இணையப் பக்கத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணைக் கிளிக் செய்தால், கூப்பிடாத செயலி எழுந்து வந்து நிற்கும். தெளிவாக ஒலித்துக்கொண்டிருந்த ஹெட்செட் திடீரென்று கரகரக்கும். சிஸ்டம் பார்க்க வருபவர் ஒரு செயலியை நீக்கி மறுபடி இன்ஸ்டால் செய்துவிட்டுப் போவார். சில நாள் சரியாக இருக்கும். அடுத்த அப்டேட் வந்ததும் பழைய கதை.

தனித்தனியாக ஓடும்போது ஒரு குறையும் இல்லாத இரண்டு செயலிகள், சேர்ந்து ஓடும்போது மட்டும் ஏன் முட்டிக்கொள்கின்றன?

சப்ளையரின் மேசை

இந்தக் கேள்வியை ஓசூரில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் 1971-ல் தொடங்கப்பட்டது. அது உருவாக்கிய ஓசூர் தொழிற்பேட்டையும் சுற்றுவட்டாரமும் பெரிய ஆலைகளை ஈர்த்தன. டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் இங்கிருந்துதான் சாலைக்கு வந்தது. அசோக் லேலண்ட் வந்தது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் இங்கே கைக்கடிகாரம் செய்தது. இந்தப் பத்தாண்டில் ஏத்தரின் மின் ஸ்கூட்டர் ஆலை ஓசூரிலும், ஓலாவின் ஆலை போச்சம்பள்ளிப் பக்கமும், டாடா எலெக்ட்ரானிக்ஸ் திம்ஜேபள்ளியிலும் எழுந்தன. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் பொம்மசந்திரா, ஜிகனி, எலெக்ட்ரானிக் சிட்டி என்று கர்நாடகத்தின் தொழிற்பேட்டைகள் வரிசையாக இருக்கின்றன.

இவற்றையெல்லாம் தாங்கி நிற்பவை சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகள். பெரிய நிறுவனம் தனக்கென்று ஒரு பேச்சுச் செயலியைத் தேர்ந்தெடுத்து, ஊழியர்கள் எல்லோரும் அதில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். சப்ளையருக்கு அந்த உரிமை கிடையாது. வாடிக்கையாளர் எதில் கூப்பிடுகிறாரோ அதில் அவர் இருந்தாக வேண்டும். ஆகவே ஒரே வேலையைச் செய்யும் செயலிகள் அதிகமாகக் குவிவது, அவற்றைப் பராமரிக்கத் தனி ஆள் வைக்க முடியாத கம்ப்யூட்டரில்தான். இது நியாயமில்லை என்பது என் எண்ணம். அதனால்தான் இந்த முட்டல்களின் உள்வேலையை, வல்லுநர் அல்லாதவரும் புரிந்துகொள்ளும் அளவுக்கு விரிவாகப் பார்க்க விரும்புகிறேன்.

அவை ஒன்றையொன்று பார்ப்பதில்லை

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். டீம்ஸும் ஸூமும் ஒன்றையொன்று தாக்கிக்கொள்வதில்லை. தாக்கிக்கொள்ள அவற்றால் முடியாது. விண்டோஸ் போன்ற இயங்குதளம், அதாவது கம்ப்யூட்டரின் எல்லாப் பாகங்களையும் நிர்வகிக்கும் அடிப்படை மென்பொருள், ஓடுகிற ஒவ்வொரு செயலிக்கும் நினைவகத்தில் தனிப் பகுதி ஒதுக்குகிறது. சாதாரணமாக ஒரு செயலி தன் பகுதிக்கு வெளியே கை நீட்டினால் இயங்குதளம் அதைத் தடுத்துவிடும். பக்கத்தில் இன்னொரு செயலி ஓடுகிறது என்பதே பெரும்பாலும் அதற்குத் தெரியாது.

அப்படியானால் சண்டை எங்கே? கம்ப்யூட்டரில் சில விஷயங்கள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. தொலைபேசி எண்ணைக் கிளிக் செய்தால் திறக்க வேண்டிய செயலி ஒன்றுதான். ஒரு குறிப்பிட்ட எண்ணுள்ள வாசலில் காத்திருக்கக்கூடிய செயலி ஒன்றுதான். ஹெட்செட்டில் அழைப்பை எடுக்கும் பொத்தான் ஒன்றுதான். எழுத்துச் செயலியும் கணக்குச் செயலியும் சேர்ந்து ஓடும்போது இந்த ஒற்றை விஷயங்களை இரண்டும் கேட்பதில்லை. அதனால் அங்கே சண்டை இல்லை. ஒரே வேலை செய்யும் இரண்டு செயலிகள்தான் ஒரே பொருளைக் கேட்கும்.

நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது ஏன் நிலைப்பதில்லை என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. கெட்டுப்போனது செயலி இல்லை. எந்த ஒற்றைப் பொருளுக்கு இரண்டு பேர் கை நீட்டுகிறார்கள் என்று கண்டுபிடித்து, அது யாருக்கு என்று முடிவுசெய்தால்தான் தீரும்.

ஒரு தொலைபேசி எண்ணின் பயணம்

ஓர் உதாரணத்தை அடி முதல் நுனி வரை பின்தொடரலாம். நம் டூல் ரூமில் பர்சேஸ் பார்ப்பவர், டூல் ஸ்டீல் விற்கும் கடை ஒன்றின் இணையப் பக்கத்தைத் திறக்கிறார். அங்கே இருக்கும் எண்ணைக் கிளிக் செய்கிறார். அவர் எதிர்பார்ப்பது ஸூம் வழியாக அழைப்பு போக வேண்டும் என்று. வந்து நிற்பது டீம்ஸ்.

கிளிக் செய்த எண்ணுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், 'டெல்' என்ற முன்னொட்டும் அதைத் தொடர்ந்து எண்ணும் எழுதப்பட்டிருக்கும். இணையப் பக்க முகவரிகள் 'ஹெச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வகை முன்னொட்டுதான் இதுவும். இதை 'இணைப்பு வகை' என்று அழைப்போம். உலாவிக்கு, அதாவது குரோம், எட்ஜ் போன்ற பிரவுசருக்கு, தொலைபேசியில் அழைக்கத் தெரியாது. ஆகவே அது விண்டோஸைக் கேட்கிறது: 'டெல்' என்ற வகையை இந்தக் கம்ப்யூட்டரில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

விண்டோஸ் தன் பதிவேட்டைப் புரட்டுகிறது. தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டியிடம் இருக்கும் நோட்டை இங்கே நினைத்துக்கொள்ளலாம். டூல் விஷயமாக வருபவர் யாரைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு வரி. அந்த வரியில் ஒரு பெயர். வருகிறவர் எதற்காக வந்தார், உண்மையில் யாரைத் தேடினார் என்று செக்யூரிட்டி ஆராய்வதில்லை. எழுதியிருக்கும் பெயரிடம் அனுப்பிவிடுவார். பதிவேட்டில் 'டெல்' வரிக்கு எதிரே டீம்ஸ் என்று இருந்தால் டீம்ஸ் திறக்கும். எண் அதன் கைக்குப் போய்விடும்.

அந்தப் பெயரை எழுதியது யார்? பழைய விண்டோஸ் பதிப்புகளில் இன்ஸ்டால் ஆகும் எந்தச் செயலியும் அந்த வரியில் இருந்த பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொள்ள முடிந்தது. கடைசியாக வந்தவருக்கே வாசல். அப்டேட் வரும்போதெல்லாம் சில செயலிகள் மறுபடியும் எழுதிக்கொண்டன. ஒரு மாதம் சரியாக இருந்தது திடீரென்று மாறியதன் மர்மம் இதுதான். பயனரைக் கேட்காமல் அவருடைய விருப்பத்தை மாற்றுவதை மென்பொருள் நிறுவனங்கள் வெகுகாலம் சாதாரணமாகச் செய்துவந்தன. அது மரியாதையற்ற செயல் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

2012-ல் வந்த விண்டோஸ் 8 இந்த ஆட்டத்தின் விதியை மாற்றியது. பயனர் தன் கையால் ஒரு செயலியைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் தேர்வோடு ஒரு சரிபார்ப்புக் குறியையும் விண்டோஸ் கணக்கிட்டு எழுதிவைக்கும். வேறொரு செயலி திருட்டுத்தனமாகப் பெயரை மாற்றினால் குறி பொருந்தாது. விண்டோஸ் அந்த மாற்றத்தை ஏற்காமல் தள்ளிவிடும். விண்டோஸ் 10-ல் சிலர் மூலையில் ஓர் அறிவிப்பைப் பார்த்திருப்பார்கள்: ஒரு செயலி இயல்புத் தேர்வில் சிக்கலை உண்டாக்கியதால் அது விண்டோஸின் சொந்த இயல்புக்கு மாற்றப்பட்டது என்று. அது இந்தக் காவலின் வேலை.

ஆக, நம் பர்சேஸ்காரர் செய்ய வேண்டியது இதுதான். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் டீஃபால்ட் ஆப்ஸ். விண்டோஸ் 11-ல் மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கும். அதில் ஆங்கிலத்தில் 'டெல்' என்று தட்டினால் அந்த ஒற்றை வரி வந்து நிற்கும். அதைக் கிளிக் செய்தால், 'டெல்' வேலையைச் செய்யத் தயாராக இருக்கும் செயலிகளின் பட்டியல் வரும். ஸூமைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. டீம்ஸை நீக்கத் தேவையில்லை. அதற்கு வேறு எந்த இழப்பும் இல்லை.

ஆனால் மீட்டிங் லிங்குகளில் இந்தக் குழப்பம் அவ்வளவாக வருவதில்லை. ஸூம் தன் மீட்டிங்குகளுக்கென்று தனி இணைப்பு வகை வைத்திருக்கிறது. டீம்ஸ் தனக்கென்று இன்னொன்று. பெயர்கள் வேறு என்பதால் பதிவேட்டில் வரிகளும் வேறு. 'டெல்' பொதுச் சொத்து என்பதால்தான் எல்லோரும் அதற்கு வருகிறார்கள்.

ஒரே குடும்பத்துக்குள்

இதிலிருந்து ஒரு விளைவு புலப்படும். அந்நியச் செயலிகளைவிட ஒரே குடும்பத்துச் செயலிகள் மோசமாக முட்டிக்கொள்ளும். அவற்றின் தனிப் பெயர்களே ஒன்றாக இருக்கும்.

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, வீட்டு உபயோகத்துக்கான டீம்ஸ் அதோடு கூடவே வந்தது. அலுவலக டீம்ஸ் வேறு செயலி. பெயர் ஒன்று, படக்குறி கிட்டத்தட்ட ஒன்று. அலுவலகக் கணக்கை வீட்டுச் செயலியில் போட்டுவிட்டு ஏன் உள்ளே விடவில்லை என்று திகைத்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். 2023 அக்டோபரில் அலுவலக டீம்ஸின் முற்றிலும் புதிய வடிவம் வெளியானது. பழையது உடனே போய்விடவில்லை. பல கம்ப்யூட்டர்களில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் மாதக்கணக்கில் இருந்தன. 2024-ல்தான் வீடு, அலுவலகம் இரண்டையும் ஒரே செயலிக்குள் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது.

இதே வகையில் இன்னொரு புதிர்: வாடிக்கையாளர் கொடுத்த கணக்கும் சொந்தக் கணக்கும் இருக்கிறது, ஒரே செயலியை இரண்டு முறை திறக்கலாம் என்று பார்த்தால் முதல் ஜன்னலே முன்னால் வருகிறது. பல செயலிகள் தொடங்கும்போது இயங்குதளத்திடம் ஒரு பெயருக்குப் பூட்டுக் கேட்கும். இதைப் 'பெயர்ப் பூட்டு' என்று சொல்லலாம். அந்தப் பெயரில் ஏற்கெனவே பூட்டு இருந்தால், தன் முந்தைய பிரதி ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, வந்த வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டாவது பிரதி தானே மூடிக்கொள்ளும். காரணம் நல்லதுதான். இரண்டு பிரதிகளும் ஒரே கோப்பில் உரையாடல் வரலாற்றை எழுத முனைந்தால் கோப்பு சிதைந்துவிடும்.

துறை எண்கள்

அடுத்த ஒற்றைப் பொருள் கண்ணுக்குத் தெரியாதது. இணையத்திலிருந்து வரும் தகவல் கம்ப்யூட்டரை அடைந்ததும் எந்தச் செயலிக்குப் போக வேண்டும் என்பதை ஓர் எண் சொல்கிறது. ஆங்கிலத்தில் போர்ட், தமிழில் துறை. எண்கள் 65,535 வரை உண்டு. சாதாரண ஏற்பாட்டில் ஒரு துறையில் ஒரு சமயம் ஒரு செயலிதான் காத்திருக்கலாம். இரண்டாவதாக வருவதற்கு, 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்ற பிழைதான் கிடைக்கும்.

65,535 எண்கள் இருக்கும்போது ஏன் ஒன்றுக்கே அடிபிடி? சில எண்கள் சில வேலைகளுக்கென்று வழக்கமாக ஒதுக்கப்பட்டவை. இணையப் பக்கங்களுக்கு 80, 443. இணையத் தொலைபேசி அழைப்புகளைத் தொடங்கி முடிக்கும் 'சிப்' என்ற நெறிமுறைக்கு 5060. ஆபீஸ் இ.பி.ஏ.பி.எக்ஸ். இணைப்பைக் கம்ப்யூட்டரிலேயே எடுப்பதற்காக இரண்டு சாஃப்ட்ஃபோன் செயலிகளைப் போட்டு, இரண்டும் 5060-லேயே காத்திருக்க அமைக்கப்பட்டிருந்தால், முதலில் எழுந்ததற்கு அழைப்பு வரும். மற்றது ஊமையாக இருக்கும். காலையில் எது முதலில் எழுகிறது என்பது நாளுக்கு நாள் மாறலாம். ஆகவே கோளாறும் ஒரு நாள் இதில், மறுநாள் அதில் என்று இடம் மாறும். பார்ப்பவருக்கு இது பேய்க்கோளாறாகத் தோன்றும்.

இந்த வகையில் மிகப் பிரபலமான குற்றவாளி ஸ்கைப்தான். அதன் பழைய டெஸ்க்டாப் பதிப்புகள், வரும் இணைப்புகளுக்கு மாற்று வழியாக 80, 443 துறைகளையும் பிடித்துக்கொள்ளும் அமைப்போடு வந்தன. கம்ப்யூட்டரில் இணையத்தளம் செய்து பழகுவதற்காக 'ஸாம்ப்' தொகுப்பை நிறுவிய மாணவர்களுக்கு அதிலுள்ள அப்பாச்சி சர்வர் கிளம்பவே கிளம்பாது. பாடத்தில் தவறு தேடிக்கொண்டிருப்பார்கள். ஸ்கைப்பின் அமைப்புகளில் ஒரே ஒரு டிக்கை எடுத்தால் போதும் என்பது தெரியாமல் நாட்கள் போயிருக்கும்.

இன்றைய பேச்சுச் செயலிகள் இதில் திருந்திவிட்டன. குறிப்பிட்ட எண்ணைக் கேட்காமல், காலியாக இருக்கும் ஏதாவது ஒன்றைக் கொடு என்று இயங்குதளத்திடம் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. அதோடு, வெளியிலிருந்து இணைப்பு வரும் என்று காத்திருப்பதைவிடத் தாங்களே நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பை ஏற்படுத்தித் திறந்தே வைத்துக்கொள்கின்றன. துறைச் சண்டை பெருமளவு ஓய்ந்ததற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

ஹெட்செட்டுக்குள் நடப்பது

ஒலி விஷயத்தில்தான் மக்கள் அதிகம் ஏமாந்து, நல்ல ஹெட்செட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

விண்டோஸில் மைக்கை ஒரு செயலி இரண்டு விதமாகக் கேட்கலாம்: பகிர்ந்துகொள்ளும் முறை, தனியுரிமை முறை. பகிரும் முறையில் பல செயலிகள் ஒரே மைக்கைக் கேட்கலாம். ஏதாவது ஒன்று தனியுரிமை கேட்டுப் பெற்றுவிட்டால் மற்றவற்றுக்கு ஒன்றும் கிடைக்காது. ஒலிக் கருவியின் பண்புகளில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் தனியுரிமையை அனுமதிக்கும் டிக் இருக்கிறது. பேச்சுச் செயலிகள் மட்டுமே ஓடும் கம்ப்யூட்டரில் அதை எடுத்துவிடுவது நல்லது. கேமரா இன்னும் கண்டிப்பானது. வழக்கமாக ஒரு சமயம் ஒரு செயலிக்குத்தான். விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில்தான் பல செயலிகள் சேர்ந்து பார்க்க அனுமதிக்கும் அமைப்பு வந்தது.

அடுத்து, ஒலி திடீரென்று அமுங்கிப்போவது. அழைப்பு ஒன்று நடக்கிறது என்று விண்டோஸ் உணர்ந்தால், மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி அது வெகுகாலமாக அமைக்கப்பட்டிருந்தது. ஒரு செயலியில் அழைப்பு வந்த கணத்தில் இன்னொன்றில் ஓடிக்கொண்டிருந்த பயிற்சி வீடியோ கிணற்றுக்குள் போய்விடும். பழைய சவுண்ட் பெட்டியில் 'கம்யூனிகேஷன்ஸ்' பக்கத்தில், எதுவும் செய்யாதே என்ற தேர்வு இருக்கிறது.

ப்ளூடூத் ஹெட்செட் கரகரப்பதற்குக் காரணம் வேறு. இதுவரை பரவலாக இருக்கும் ப்ளூடூத் ஹெட்செட்டுகளுக்கு இரண்டு நிலைகள் உண்டு. கேட்க மட்டும் செய்யும் நிலையில் ஒலி இசைத் தரத்தில், விநாடிக்கு 44,100 மாதிரிகள் போல, வரும். மைக்கும் திறந்தால் இருவழி நிலைக்கு மாறும்; அதில் விநாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள்தான். இப்போது கவனியுங்கள்: நீங்கள் ஸூமில் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பின்னால் இருக்கும் இன்னொரு செயலி ஏதோ காரணத்துக்காக மைக்கைத் திறக்கிறது. உடனே ஹெட்செட் முழுவதும் கீழ்நிலைக்கு இறங்கிவிடும். ஸூமும் குற்றவாளி இல்லை, ஹெட்செட்டும் இல்லை. மைக் பயன்பாட்டில் இருக்கும்போது டாஸ்க்பாரில் சின்ன மைக் படம் வரும். அதன்மேல் சுட்டியை வைத்தால் எந்தச் செயலி திறந்திருக்கிறது என்று பெயரோடு சொல்லும்.

எடுக்கும் பொத்தான்தான் மிச்சம். அலுவலக ஹெட்செட்டிலுள்ள அந்தப் பொத்தானை இரண்டு செயலிகளும் கவனித்துக்கொண்டிருந்தால், புதிய அழைப்பை எடுக்க அழுத்தும்போது பழைய அழைப்பு துண்டிக்கப்படலாம். இதற்குச் சுத்தமான தீர்வு, பொத்தான் கட்டுப்பாட்டை ஒரு செயலிக்கு மட்டும் கொடுத்து, மற்றதன் அமைப்புகளில் அதை அணைத்துவிடுவது.

பலருக்குத் தெரியாத ஒரு வசதியையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் இயல்பு ஒலிக்கருவி என்று ஒன்றும், பேச்சுக்கான இயல்புக்கருவி என்று தனியே ஒன்றும் வைக்கலாம். ஸ்பீக்கரை முதலாவதற்கும் ஹெட்செட்டை இரண்டாவதற்கும் வைத்துவிட்டால் பேச்சுக்கும் மற்ற ஒலிக்கும் வழி பிரிந்துவிடும்.

தீவுகளாக வாழ்ந்த நான்கு ஆண்டு

இரண்டு பேச்சுச் செயலிகள் ஒரே கம்ப்யூட்டரில் வாழ்வது எப்படி என்பதற்கு, செய்த நிறுவனமே விதி எழுத நேர்ந்த கதை ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்டின் லிங்க் என்ற அலுவலகச் செயலி 2015-ல் ஸ்கைப் ஃபார் பிசினஸ் என்று பெயர் மாறியது. 2017-ல் டீம்ஸ் வந்தது. பல நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்தே ஓட்டின. அப்போது அவுட்லுக்குக்கு ஒரு சந்தேகம்: மின்னஞ்சல் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் அவர் இருக்கிறார், இல்லை என்று காட்டும் பச்சைப் புள்ளியை யாரிடம் கேட்டு வாங்குவது?

பதில் மறுபடியும் பதிவேட்டில். 'ஐ.எம். புரொவைடர்ஸ்' என்ற பகுதியில் இயல்பு உரையாடல் செயலி எது என்று ஒரு வரி இருக்கிறது. அதில் ஒரு பெயருக்குத்தான் இடம். டீம்ஸ் அந்த வரியில் தன்னை எழுதும்போது, முன்பு இருந்த பெயரையும் தனியே குறித்துவைத்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் யாரிடம் கொடுப்பது என்று தெரியவேண்டும் அல்லவா? எடுத்துக்கொண்டவன் முந்தையவனின் பெயரை நினைவில் வைத்திருப்பது, 'டெல்' வரியில் நடந்த அடிபிடியைவிட எவ்வளவோ நாகரிகமான வழக்கம்.

செய்திகள் விஷயத்தில் நிறுவனங்களுக்குப் பல தேர்வுகள் கொடுக்கப்பட்டன. இயல்பாக இருந்த தேர்வின் பெயர் 'தீவுகள்'. டீம்ஸிலிருந்து அனுப்பியது டீம்ஸில்தான் விழும். ஸ்கைப்பிலிருந்து அனுப்பியது ஸ்கைப்பில்தான். மோதலே இல்லை. ஆனால் எல்லோரும் நாள் முழுவதும் இரண்டையும் திறந்தே வைத்திருக்க வேண்டியதாயிற்று. ஒன்றை மூடியவருக்குச் செய்தி போய்ச்சேரவில்லை. கடைசித் தேர்வான 'டீம்ஸ் மட்டும்' என்பதில், அதே நிறுவனத்தில் ஸ்கைப்பில் இருப்பவர் அனுப்பியதும் டீம்ஸுக்கே வந்துவிடும். 2021 ஜூலை 31-ல் ஸ்கைப் ஃபார் பிசினஸின் இணையச் சேவை நிறுத்தப்பட்டது. வீட்டு ஸ்கைப் 2025 மே 5-ல் விடைபெற்றது.

நினைவகத்தின் கணக்கு

வேகக் குறைவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்லாக், பழைய டீம்ஸ் போன்ற செயலிகள் 'எலெக்ட்ரான்' என்ற அடித்தளத்தில் கட்டப்பட்டவை. அதன்படி ஒவ்வொரு செயலியும் குரோமின் மூல உலாவியான குரோமியத்தின் முழுப் பிரதி ஒன்றைத் தனக்குள் சுமந்துவருகிறது. இப்படி இரண்டு செயலி, கூடவே குரோம் என்றால் மூன்று உலாவிகள் நினைவகத்தில் இருக்கின்றன என்று பொருள். புதிய டீம்ஸ், விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் உலாவிப் பொறியைப் பயன்படுத்தும்படி மாற்றப்பட்டது. முன்பைவிட 50 சதவீதம் குறைந்த நினைவகம் போதும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

4 அல்லது 8 ஜி.பி. நினைவகமுள்ள ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு நான் சொல்லும் வழி இது. அதிகம் அழைக்கும் வாடிக்கையாளரின் செயலியை மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள். மற்றதை உலாவியின் ஒரு தாவலில் திறந்துகொள்ளுங்கள். உலாவிக்குள் இருப்பது பதிவேட்டில் பெயர் எழுதிக்கொள்ளாது, வெளியிலிருந்து வருபவருக்காகத் துறை பிடித்துக் காத்திருக்காது, உங்கள் அனுமதி இல்லாமல் மைக்கைத் தொடாது. ஒரே கணக்கைச் செயலியிலும் தாவலிலும் சேர்த்துத் திறக்காதீர்கள். ஒரே அழைப்புக்கு இரண்டு மணி அடிப்பது பெரும்பாலும் அதனால்தான். டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில், காலையில் தானாக எழத் தேவையில்லாதவற்றை அணைத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டருக்கு வெளியே

இதெல்லாம் செய்தபிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. செயலிகள் அமைதியாகிவிடும், செய்தி மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகாது. வாட்ஸ்அப்பில் இருப்பவரை ஸோஹோவின் 'அரட்டை' செயலியிலிருந்து அழைக்க முடியாது. தீவுகள் தீவுகளாகவே இருக்கும்.

இந்தச் சண்டை பழையது. 1999 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எம்.எஸ்.என். மெசஞ்சர், அன்றைக்குப் பெரிய சேவையான ஏ.ஓ.எல்.லில் இருந்தவர்களோடும் பேசும்படி செய்யப்பட்டிருந்தது. ஏ.ஓ.எல். அதைத் தடுத்தது. மைக்ரோசாஃப்ட் மாற்றி எழுதியது, ஏ.ஓ.எல். மறுபடி தடுத்தது. இப்படிப் பல சுற்று. கடைசியில் ஏ.ஓ.எல்., தன் சொந்தச் செயலியில் இருந்த பாதுகாப்பு ஓட்டை ஒன்றையே, எதிரில் இருப்பது அசல் செயலிதானா என்று சோதிக்கப் பயன்படுத்தியது. தன் பயனர்களின் பாதுகாப்பைப் பணயம் வைத்துக் கதவை மூடியது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். சில மாதங்களில் மைக்ரோசாஃப்ட் முயற்சியைக் கைவிட்டது.

அதே 1999-ல் ஜெரமி மில்லர் ஜாபர் என்ற திறந்த முறையை அறிவித்தார். மின்னஞ்சலில் எந்த நிறுவனத்துக் கணக்கிலிருந்தும் எதற்கும் எழுதலாம். அரட்டையும் அப்படி இருக்கட்டும் என்பது அதன் எண்ணம். 2004-ல் அது எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரில் இணையத் தரமாயிற்று. கூகுள் டாக் அதை ஏற்றுக்கொண்டு வெளிச் சேவைகளுக்குக் கதவைத் திறந்தது. 2013-ல் ஹேங்கவுட்ஸ் வந்தபோது அந்தக் கதவு மூடப்படத் தொடங்கியது.

தமிழ்நாட்டிலிருந்து இந்த விவாதம் மறுபடி எழுந்தது 2025 செப்டம்பரில். ஸோஹோ 2021-ல் வெளியிட்ட அந்த 'அரட்டை' செயலியில் புதிதாகச் சேர்பவர்கள் மூன்றே நாளில் தினமும் 3,000 என்பதிலிருந்து 3,50,000 ஆக உயர்ந்தார்கள் என்று ஸோஹோவை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். அந்த நாட்களிலேயே அவர் இன்னொன்றும் சொன்னார்: இத்தகைய சேவைகள் யூ.பி.ஐ.யும் மின்னஞ்சலும் போல ஒன்றோடொன்று பேசக்கூடியவையாக இருக்க வேண்டும். அதற்கான தரத்தை வகுக்க ஐஸ்பிரிட் அமைப்பின் ஷரத் ஷர்மாவோடு பேசத் தொடங்கியிருப்பதாகவும் சொன்னார். 2016-ல் தொடங்கிய யூ.பி.ஐ.யில் கடைக்காரர் எந்தச் செயலி வைத்திருக்கிறார் என்று பணம் கொடுப்பவர் கேட்பதே இல்லை. சப்ளையரின் மேசைக்கு வேண்டியது சரியாக இதுதான். ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தின் வழியே போயிருக்கிறது: டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கடமைகள் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன, கேட்கும் பிற சேவைகளோடு செய்தி பரிமாற வழி செய்ய வேண்டிய கட்டாயம் வாட்ஸ்அப்புக்கு அங்கே உண்டு.

பணப் பரிமாற்றத்தைவிட இது கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் எவரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவதை 'முனைக்கு முனை மறையாக்கம்' என்கிறோம். இரு முனையிலும் வெவ்வேறு நிறுவனங்களின் செயலிகள் இருந்தால், பூட்டும் சாவியும் ஒரே முறைப்படி செய்யப்பட்டிருக்க வேண்டும். குழுவில் ஒருவர் சேரும்போதும் விலகும்போதும் சாவியை மாற்றும் விதத்திலும் எல்லோரும் ஒத்துப்போக வேண்டும். இணையத் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். 2023 ஜூலையில் எம்.எல்.எஸ். என்ற பொது முறையை வெளியிட்டது இதற்காகத்தான். அதற்கு மேல், ஒரு செயலியில் இருப்பவரை இன்னொரு செயலி எப்படிக் கண்டுபிடிப்பது, செய்தியை எந்த வடிவத்தில் கொடுப்பது என்பவற்றை அதே அமைப்பின் மிமி என்ற குழு எழுதத் தொடங்கியிருக்கிறது.